ஆறு காலிப் பெட்டிகள்

1. பொறியியல் படித்த நான், வங்கிக் கடனில் இருபது தேன்பெட்டிகள் வாங்கி, திற்பரப்பு அருகே அத்தையின் ரப்பர் தோட்டத்தில் வைத்தேன்.
2. மழை தொடங்கியதும் பூக்கள் ஓய்ந்தன. தேனீக்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று சீனிப் பாகு காய்ச்சினேன்.
3. பாகின் அடர்த்தியை அளந்தேன். நேரத்தை யோசிக்காமல் பகல் பதினொரு மணிக்குப் பெட்டிகளில் வைத்தேன்.
4. பாகின் வாசனையில் வெறிகொண்ட வலுவான கூட்டங்கள், மெலிந்த பெட்டிகளுக்குள் புகுந்து கொள்ளையடித்தன. இரண்டே நாளில் ஆறு கூட்டங்கள் பெட்டியை விட்டுப் பறந்துவிட்டன.

பெட்டிகளை எனக்கு விற்ற அக்கா வந்து பார்த்தார்.

“ஏட்டி, பகல்லயா பாகு வச்ச?”

“ஆமாக்கா.”

“கல்யாணப் பந்திய ரோட்டுல போட்ட மாதிரில்லா இருக்கு. அந்தி சாஞ்ச பொறவு வைக்கணும் மக்கா, அதுவ வெளிய போகாத நேரத்துல.”

என் கவலை வேறு. வியாழக்கிழமை வங்கி அதிகாரி வருகிறார். இருபதிலும் தேனீ இருந்தால்தான் கடனின் அடுத்த தவணைப் பணத்தை வங்கி தரும். நல்ல கூட்டங்களை இரண்டாகப் பிரித்துக் காலிப் பெட்டிகளை நிரப்பலாமா என்று கேட்டேன்.

“பிரிக்கலாம். அவரு வந்துட்டுப் போற வர நிக்கும். பொறவு இந்த மழையில ரெண்டு பாதியும் செத்துப்போவும்.”

பிரிக்கவில்லை. கொள்ளையடிக்க வரும் தேனீக்கள் நுழையாதபடி பெட்டிகளின் வாசல்களைச் சுருக்கி, அந்தியில் பாகு வைத்தேன். மறுநாள் நாலு முறை போய், ரீங்காரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டேன்.

இன்று புதன்கிழமை. பதினான்கு பெட்டிகளில் தேனீ இருக்கிறது, ஆறு காலி. நாளை இருபது மூடிகளையும் திறந்து காட்டுவேன். தவணை கிடைக்குமா என்று தெரியவில்லை.