ஷ்னைடர் வீட்டுச் சம்பந்தம்

லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயில் வாசலில் மழை தூறுகிறது. சென்னையிலிருந்து அலுவலக வேலையாக வந்த என்னை, உடன் வேலை செய்யும் நண்பர் தன் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். மாப்பிள்ளை வெள்ளைக்காரர். அழைப்பிதழில் அவர் பெயர் ஷ்னைடர், அவருடைய அப்பாவின் பெயர் டெய்லர். குழம்பிப்போய்ப் பெண்ணின் அப்பாவிடமே கேட்கிறேன்.

“ரெண்டும் ஒண்டுதான் தம்பி. மாப்பிள்ளையின்ர பூட்டன் ஜெர்மனியில இருந்து வந்தவர். ஷ்னைடர் எண்டால் தையல்காரன். முதலாம் உலகச் சண்டை நேரம் ஜெர்மன் பேரோட இஞ்ச இருக்க ஏலாது. டெய்லர் எண்டு மாத்திப்போட்டார். மாப்பிள்ளை இப்ப பழைய பேரைத் திரும்ப எடுத்திருக்கிறார்.”

“உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?”

“ஓம். லண்டனுக்கு வர முந்தி அங்கதானே இருந்தனாங்கள். மகளும் அங்கதான் பிறந்தவள்.”

மகன் பெயரை மாற்றியதில் டெய்லருக்கு முதலில் மனத்தாங்கலாம். இப்போது அவரே பட்டு வேட்டியைப் பிடித்தபடி எங்களிடம் வருகிறார். விருந்தில் மகனை அந்தப் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும், நாக்கில் வரவில்லை, சொல்லித்தர முடியுமா என்று சம்பந்தியிடம் கூச்சத்தோடு கேட்கிறார்.

சம்பந்தி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். டெய்லர் இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை சரியாகச் சொல்லிவிடுகிறார். குடைக்குள் நின்ற உறவினர்கள் கைதட்டுகிறார்கள்.

உள்ளே மேளம் தொடங்குகிறது. நகரப்போன டெய்லர் நின்று, யாரும் கேட்காமலே, தன் பெயரோடும் அதைச் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறார்.

“ஆர்தர் ஷ்னைடர்.”

சம்பந்தி அவரைக் கட்டிக்கொள்கிறார்.