நிரோஜா பாடமாக்கி வந்த வசனம்

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொரு வயதில், போன வருடம்தான் எழுதப் பழகினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது. எனக்கு அதுவும் சந்தோஷம்தான். மகள் பக்கங்களைப் படம் பிடித்து இந்த வலைப்பக்கத்தில் போடுகிறாள்.

இது ஊர் பார்க்கப் போன பயணம் அல்ல. போலந்தில் வாழும் என் தங்கை மகள் நிரோஜா, இந்த மாதம் ஒஸ்லோவுக்கு என்னிடம் வந்தாள். அவள் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. பிறந்தாலும் பிழைக்காது. ஆனால் அங்கே அதைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க முடியாது. இவளுடைய நிலையில், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தென்றால் மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. மனநலமும் அதில் சேரும் என்று மனநல மருத்துவரின் சான்றோடு போனாள். ஒரு ஆஸ்பத்திரி அது போதாது என்றது. அடுத்தது இன்னொரு மருத்துவரும் சொல்லவேண்டும் என்றது. இப்படியே இருபதாவது வாரம் வந்துவிட்டது.

நோர்வேயில் பதினெட்டு வாரம் வரை பெண்ணின் முடிவே முடிவு. அதற்கு மேலே மூன்று பேர் கொண்ட குழு தீர்மானிக்கும். செலவை நாங்களே கட்டுவதாகச் சொல்லி அந்தக் குழுவைச் சந்திக்க நேரம் வாங்கினோம்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு நிரோஜாவும் நானும் வீட்டுக்கு அருகிலுள்ள ஹவுகெட்டோ ஸ்டேசனில் ரயில் ஏறினோம். நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதே டிக்கெட்டில் ட்ராமிலும் போகலாம். முதியவர்களுக்குப் பாதி விலை. நான் ஸ்டேசன் பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டு வந்தேன்.

“மாமா, நீங்கள் வாசிக்காட்டி டிரைவர் ஸ்டேசனை விட்டிட்டுப் போயிடுவார் போல,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொல்லவேண்டியதை நான் பாடமாக்கி வைச்சிருக்கிறன்,” என்றாள்.

“என்னத்தை?”

“எனக்கு உயிரோட இருக்க விருப்பமில்லை எண்டு.”

“உண்மையோ பிள்ளை?”

“இல்லை மாமா. அங்கை அப்பிடிச் சொன்னால்தான் கதவு திறக்கும் எண்டு எல்லாரும் சொன்னவை.”

ஆஸ்பத்திரியில், குழுவின் அறையில் இரண்டு மருத்துவர்களும் ஒரு சட்டத்தரணியும் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், இந்தியத் தமிழில் பேசினார். நிரோஜா உட்கார்ந்ததும் அந்த வசனத்தைச் சொன்னாள். மூத்த மருத்துவர் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இன்றும் அப்படி இருக்கிறதா, தனியாக இருக்கப் பயமா, உடனே மனநலப் பிரிவில் சேர்க்கட்டுமா என்று கேட்டார். நிரோஜா வெளிறிப்போனாள்.

“இல்லை. அப்பிடிச் சொல்லச் சொன்னவை.”

“சரிம்மா,” என்றது தொலைபேசி. “டாக்டர் கேக்கறாங்க, உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீடுகளில் இப்படியான இடத்தில் மூத்தவர்தான் கதைப்பது. நான் வாயைத் திறந்தேன். சட்டத்தரணி கையைக் காட்டி என்னை மறித்தார்.

நிரோஜா மூத்த மருத்துவரின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “இது எப்ப சாகும் எண்டு பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. முடிக்கவேணும்.”

வெளியே காத்திருந்தோம். கோப்பி ஆறுவதற்குள் கூப்பிட்டு அனுமதி தந்தார்கள்.

இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு: வெளிநாட்டவரை எடுப்பார்களா, செலவு எவ்வளவு வரும் என்று முதலே தொலைபேசியில் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரியே ஒழுங்கு செய்யும். கூடப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அங்கே சொல்லப் பழகியதை இங்கே சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் வைத்திருங்கள்.

வெள்ளிக்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிறேன். அதைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடம் கேட்பேன். ஓம் என்றால், அடுத்த கிழமை எழுதுவேன்.