பிஸ்கட் உடையாத கம்பனி

பரிமளத்துக்குக் கதிரையில் முழுதாக உட்காரத் தெரியாது. நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடுவாள். பல்லேகலவுக்குப் போகும் பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவாள். கட்டுகஸ்தோட்டை வீட்டில் அக்கா பாலாம்பிகை தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமலே சத்தம் போடுவாள்.

"ஒரு எடத்துல இருடி. நீ நடந்து நடந்து சீமெந்துத் தரையே தேஞ்சிருச்சு."

மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தவரின் இளைய மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் மாணவியாகக் கால் வைத்த ஒரே பிள்ளை. கணினி படித்துப் பட்டம் வாங்கியதும் கொழும்பில் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஒரு வருடம்கூட அங்கே அவள் தரிக்கவில்லை. தான் எழுதிய மென்பொருளை எந்த நாட்டில் யார் பாவிக்கிறார்கள் என்று கடைசிவரை தெரியாமலே இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டிக்கே வந்துவிட்டாள்.

வந்தவளை வேலைக்கு எடுத்தவர் அலவத்துகொட ஹுஸைன் ஹாஜியார். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா என்று மலைநாட்டுக் கடைகளுக்கெல்லாம் லொறியில் சாமான் அனுப்பும் மொத்த வியாபாரி. பல்லேகலவில் அவருடைய பெரிய ஸ்டோரை ஒட்டி ஒரு சின்ன அறை. அங்கே இருந்துதான் கடைகளின் ஓடர், ஸ்டோர் இருப்பு, பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சிஸ்டத்தைப் பரிமளம் எழுதினாள். பிறகு ரபீகா சேர்ந்தாள், இன்னும் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். பத்து வருடத்தில் அந்த அறை கம்பனியின் மூளையாகிவிட்டது.

சிஸ்டம் ஓடத் தொடங்கிய முதல் வாரமே புசல்லாவைப் பக்கம் சாமான் கொண்டுபோகும் விற்பனையாளர் வீரய்யா அறைக் கதவை உதைக்காத குறையாக உள்ளே வந்தார்.

"ஏன் தங்கச்சி, பிஸ்கட் ஒடையும்னு ஒங்க கொம்பியூட்டருக்குத் தெரியுமா தெரியாதா?"

விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று ஸ்டோர் வாசலில் மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. ஆனால் மலைப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போகிற பிஸ்கட் உடையத்தான் செய்யும். கடைக்காரர் உடைந்த பக்கெட்டை நீட்டுவார். வீரய்யா லொறியிலிருந்து நல்ல பக்கெட்டை எடுத்துக் கொடுப்பார். பில் கிடையாது. இதைச் செய்யாவிட்டால் அடுத்த முறை கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். எல்லா லொறியிலும் இது நடந்தது, ஹாஜியாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. புது சிஸ்டமோ குறைந்த பக்கெட்டுகளை வீரய்யாவின் கடனாகக் காட்டியது. வீரய்யா திட்டி முடிக்கும்வரை பரிமளம் நின்று கேட்டாள். மாற்றிக் கொடுத்த சாமானைப் பதிய சிஸ்டத்தில் வெளியே தெரியாத ஒரு மூலை ஒதுக்கினாள். அன்றிலிருந்து குறைகிற பக்கெட்டுகள் விற்பனையாளரின் தலையில் விழவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பதுளையிலும் குருநாகலிலும் ஸ்டோர் திறக்க ஹாஜியார் முடிவெடுத்தார். பழைய சிஸ்டம் அவ்வளவு பாரம் தாங்காது. புதிதாகக் கட்டும் வேலையைக் கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்றார் அவருடைய மருமகன். ஹாஜியார் பரிமளத்தைக் கூப்பிட்டார்.

"மகள், நீங்க செல்லுங்க. நம்ம புள்ளைகளே புதுசாச் செய்றதா, கொழும்பு ஆக்களுக்குக் குடுக்குறதா? ஒங்கட வாயால வாறதத்தான் நான் கேப்பேன்."

அன்றிலிருந்து அவளுடைய கால்கள் ஓயவில்லை. நாலு பேர் கட்டக்கூடிய வேலை இல்லை இது என்று புத்தி சொன்னது. வெளியே கொடுத்தால் அந்த நாலு பேருக்கும் என்ன வேலை என்று மனம் கேட்டது. ரபீகா நேராகவே கேட்டாள்: "அக்கா, நம்ம கழுத்துக்கு நாமளே கத்தி எடுத்துக் குடுக்குறதா?"

அதற்குள் நிலைமையைப் பார்த்துப் போக ஆலோசனை நிறுவனத்திலிருந்து மகேந்திரராசா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியான மனிதர். ஒவ்வொருவரிடமும் போய் இருந்து வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டார். அவருக்கு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில் தேநீர் போனது. ஹாஜியார் வீட்டிலிருந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலாப்பம் வந்தது. கடைசியில் எல்லாரையும் கூட்டி வைத்து, தான் கேட்டறிந்ததைச் சுவரில் படமாகக் காட்டினார். படத்தில் லொறி நிறைந்து போனது, வெறுமையாகத் திரும்பியது.

"கடையளிலயிருந்து திரும்பி வாற சாமான் ஒண்டும் இல்லைத்தானே?"

"அல்ஹம்துலில்லாஹ், அப்புடி ஒண்டும் இல்ல," என்றார் ஹாஜியார்.

"ஒண்ணுமே இல்லீங்க சேர்," என்றார் வீரய்யா.

பரிமளம் சுவரிலிருந்த படத்தையே பார்த்தாள். யாரும் ஏமாற்ற நினைத்துப் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மனிதருக்கு வட்டிலாப்பத்தைக் கொடுத்தார்கள், வீட்டுக் குறையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தை நம்பிக் கட்டுகிற சிஸ்டம் பிஸ்கட்டே உடையாத ஒரு கம்பனிக்குத்தான் சரிவரும். குறைகிற ஒவ்வொரு பக்கெட்டும் மறுபடி வீரய்யாவின் சம்பளத்தில் கழியும்.

"நல்லதாப் போச்சு. அவங்க சிஸ்டம் விழட்டும்," என்றாள் ரபீகா. "ஓடி வந்து நம்ம கதவத்தானே தட்டுவாங்க."

பரிமளம் ஸ்டோரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். வாய் திறந்தால், தன் கதிரையைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார்கள். அவரே கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்து மகேந்திரராசாவிடம் போனாள்.

"சேர், நாளைக்குப் புசல்லாவ லொறியில ஒருக்காப் போய்ட்டு வாங்களேன்."

"ஓம், போறன்," என்றார் அவர்.

மறுநாள் மாலை லொறியை விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். கடைக்குக் கடை கதிரை போட்டுச் சோடா கொடுத்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் தன் மகளுக்குக் கொழும்பில் வேலைகூடக் கேட்டிருந்தார்.

"நல்ல ஒழுங்கான வியாபாரம், பரிமளம். ஒரு பக்கெற்கூடத் திரும்பி வரேல்லை."

அவருக்குப் பின்னால் வீரய்யா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகேந்திரராசா போனதும் பரிமளம் அவரைப் பிடித்தாள்.

"என்னண்ணே இது?"

"பெரிய மனுசன் வந்து ஒக்காந்திருக்காரு. அவரு மூஞ்சிக்கு நேரா ஒடஞ்ச பிஸ்கட்டயா நீட்டுவாங்க? கடைக்காரனுக்கும் மானம் இருக்குல்ல தங்கச்சி. நாளைக்குப் போயி மாத்திக் குடுத்துருவேன்."

முடிவு சொல்லவேண்டிய கூட்டத்தில் எல்லாரும் இருக்க, பரிமளம் மட்டும் உட்காரவேயில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன் ஹாஜியார். இந்த வேலைய வெளியிலயே குடுங்க. எங்க நாலு பேராலயும் ஏலாது."

ரபீகா தலையில் கை வைத்தாள்.

"இனிமே நான் சொல்றத, கதிரையப் பிடிச்சு வச்சுக்கச் சொல்றாள்னு யாரும் சொல்ல முடியாது," என்று தொடங்கினாள் பரிமளம். உடைந்த பிஸ்கட், பில் இல்லாத மாற்று, வாசல் பலகை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாலு பேருடைய வேலையைப் பணயமாக முன்னால் வைத்துவிட்டுப் பேசினாள். அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது.

"மாமா, இது மெய்யா?" என்றார் மருமகன்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வூட்டுக் கதையச் சபையில வெச்சிட்டீங்களே மகள்."

மகேந்திரராசா படத்தை அணைத்தார். "இதில வெக்கப்பட ஒண்டுமில்லை ஹாஜியார். எங்கட ஊர்க் கடையளிலயும் இதுதான் நடக்குது. இன்னும் எத்தினை விசயம் எனக்குச் சொல்லாமல் கிடக்குது எண்டதுதான் என்ர பயம்." "வேலை எங்களிட்டை வந்தால், இவா எங்களோட இருக்கவேணும். இல்லாட்டி நாங்கள் கட்டுறது ஒண்டுக்கும் உதவாது."

அப்படியே ஆனது. வேலை வெளியே போனது. பையன்கள் இருவரும் கொழும்பில் வேலை தேடிக்கொண்டு போனார்கள். ரபீகா நின்றாள், ஆனால் பரிமளத்தோடு வேலை விசயத்தைத் தவிர வேறு பேச்சில்லை. பரிமளம் வெளி ஆட்களோடு ஒரே மேசையில் இருந்து, அவர்கள் கீறும் படங்களில் பிழையானதை அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவளுக்கும் பூப்போட்ட கோப்பையில் தேநீர் வந்தது. கொண்டுவந்தவனைக் கேட்டதற்கு, "அங்க இருக்கிற எல்லாருக்கும் இதுலதான் மிஸ்," என்றான். ஸ்டோருக்குள் போய் விசாரித்தால், "எல்லாம் நல்லாப் போகுது மிஸ்," என்றார்கள். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வர யாருமில்லை. தன்னையும் விருந்தாளி ஆக்கிவிட்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி அவளிடமும் எந்தக் குறையும் வராது; அவள் மூலம் கொழும்பு ஆட்களிடமும் போகாது. அப்படியானால் எதற்காக அந்த நாலு பேர் வேலையைக் கொடுத்தாள்?

அடுத்த நாள் காலை லொறிகள் புறப்படும்போது போய் நின்றாள்.

"நானும் புசல்லாவைக்கு வாறேன்."

"வாங்க மிஸ்," என்ற வீரய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து முன் சீட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"தொடைக்காதீங்கண்ணே."

"தூசி மிஸ்."

"இருக்கட்டும். வழி முழுக்க என்னைத் திட்டிக்கிட்டே வாங்க."

"ஐயய்யோ, ஒங்கள எதுக்குத் திட்டணும்?"

"எதுக்காச்சும்."

சாரதி சிரித்துவிட்டான். வீரய்யா சிரிக்கவில்லை. பேராதனை தாண்டியது, கம்பளை தாண்டியது. அவர் சோடாப் போத்தல் வேண்டுமா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பரிமளம் சீட்டின் நுனியில் இருந்துகொண்டு தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி வந்தாள். ஏற்றம் தொடங்கி, பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் கேட்டபோது வீரய்யா தொண்டையைச் செருமினார்.

"மிஸ், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

அவர் சாரதியைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார்.

"அந்தக் கொழும்பு ஆளுங்ககிட்ட நீங்க சொன்னீங்களே, ஒடஞ்ச பிஸ்கட்டுன்னு. அது பாதிதான், தங்கச்சி."

பரிமளம் அவர் பக்கம் திரும்பி, சீட்டில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.