பொன்னுருக்கும் இருநூறு பங்கும்

உமி அடுப்புக்கு முன்னால் பத்தர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வேட்டியோடு சித்தப்பா. தூணில் சாய்ந்தபடி அப்பா. வெற்றிலைத் தட்டத்தோடு அம்மா. கதிரையில் பெண்ணின் தகப்பன்; ஈச்சிலம்பற்றிலிருந்து முதல்நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர். அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நான். எனக்கு ஒன்பது வயது. மற்றச் சனம் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

தாலிக்குப் பொன்னுருக்கும் நாள் அது. நல்ல நேரத்தில் மாப்பிள்ளை ஒரு தங்க நாணயத்தைப் பத்தர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை எல்லாருக்கும் முன்னால் உருக்குவார். அதில்தான் தாலி. நாணயம் இல்லாவிட்டால் தாலி இல்லை. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

நாணயம் இல்லை. அது அந்த நேரம் சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும்.

சித்தப்பா கட்டாரில் மூன்று வருசம் வேலை செய்துவிட்டு உப்புவெளிக்கு வந்தவர். வரும்போது ஒரு ரீவியும் கொஞ்சம் அறிவும் கொண்டுவந்தார். ரீவி கெதியாகப் பழுதாகிவிட்டது. அறிவு தங்கத்தைப் பற்றியது. லண்டனில் தங்கம் என்ன விலை, டொலர் என்ன விலை, டவுன் நகைக்கடையில் பவுன் என்ன விலை என்று ஒவ்வொரு நாளும் கேட்டறிந்து, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் புள்ளி வைப்பார். புள்ளிகளை நான் அடிமட்டம் பிடித்து இணைப்பேன். கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் வடிவாகக் கீறுவதால்தான் போகிறது என்று நினைத்திருந்தேன்.

தங்கத்தை வாங்குகிறவன் மொக்கன் என்பார் சித்தப்பா. தங்கம் தோண்டுகிற கம்பனியின் பங்கைத்தான் வாங்க வேண்டுமாம். ஆபிரிக்காவில் ஒரு சுரங்கத்தில் அவருக்கு இருநூறு பங்கு இருந்தது. கட்டாரில் கூட வேலை செய்த ஒருவர் மூலம் வாங்கியது. அச்சடித்த தாள் ஒன்றும் தபாலில் வந்தது. அப்பா வலை தைக்கும்போது சித்தப்பா பக்கத்தில் இருந்து விளக்குவார்.

"அண்ணை, மீன் விலை ரண்டு மடங்கு ஏறினா உங்கட டீசலும் ஏறுமோ?"

"இல்லை."

"அப்ப கூடின காசெல்லாம் ஆருக்கு?"

"எனக்கு."

"அதுதான். தங்கம் மீன். சுரங்கம் வள்ளம். நான் வள்ளத்திலை பங்கு வாங்கியிருக்கிறன்."

"வள்ளம் கவிண்டா?"

"அங்கை கடலே இல்லை அண்ணை."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கடலால் வந்து கால் கழுவும்போதே கேட்பார்.

"என்னடா, இண்டைக்கு உன்ரை சுரங்கம் எப்பிடி?"

நக்கல் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். "அவனைச் சும்மா விடுங்கோவன்" என்பார்.

அந்த நாட்களில்தான் வள்ளத்து எஞ்சின் திருத்த என்று அம்மாவின் நாலு காப்பும் வங்கியில் அடகுக்குப் போயின. திருத்திய பிறகும் எஞ்சின் இருமிக்கொண்டுதான் இருந்தது.

சித்தப்பாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. அம்மா கிழமைக்கு ஒருதரம் கேட்பார்.

"நாணயம் வாங்கியாச்சோ தம்பி?"

"காசு தங்கத்திலைதான் கிடக்கு அண்ணி."

அது பொய்யில்லை. நாணயத்துக்கு வைத்திருந்த காசையும் போட்டுத்தான் இருநூறு பங்கு. பவுன் பத்து ரூபா ஏறினால் சுரங்கம் முப்பது ரூபா ஏறும், பொன்னுருக்குக்கு முதல் கிழமை விற்றால் ஒரு நாணயக் காசில் மூன்று நாணயம் எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

பாதிக் கணக்குச் சரி. பவுன் ஏறியது. கலண்டரில் இடம் போதாமல் மேலால் இன்னொரு தாள் ஒட்டினோம். ஆனால் சுரங்கத்துக்குள் மழைவெள்ளம் புகுந்துவிட்டது. வேலை நின்றது. பங்கை ஒருவரும் விற்க ஏலாமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடல் இல்லாத இடத்தில் வள்ளம் கவிழ்ந்துபோனது.

அந்தக் கிழமை அப்பா சுரங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பாவம் பார்த்து விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

பத்தர் கையை நீட்டினார். பெண்ணின் தகப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சித்தப்பா மடியிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்துப் பத்தர் கையில் வைத்தார்.

"என்ன தம்பி இது?"

"பங்குப் பத்திரம் ஐயா," சித்தப்பா குரலைத் தணித்தார். "இதைப் பொறுப்பா வைச்சுக்கொண்டு உங்களிட்டை இருக்கிற நாணயம் ஒண்டை விடுங்கோ."

"நான் நாணயம் கொண்டுவரேல்லை. என்ன பங்கு?"

"தங்கச் சுரங்கம்."

"எங்கை கிடக்கு?"

"ஆபிரிக்காவிலை."

பத்தர் ஊதுகுழலை எடுத்து நெருப்பை ஒருதரம் ஊதினார்.

"நேரத்துக்கு இன்னும் பதினைஞ்சு நிமிசம் கிடக்கு. போய் எடுத்துக்கொண்டு வருவியளோ?"

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. டவுனில் ஒரு நகைக்கடையும் திறந்திராது. அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடி இருந்தது, அதைத் தொடக்கூடாது. அம்மா தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

குசினிக்குள் கொண்டுபோனார். என் தோட்டின் சுரை இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டுக் கழற்றினார். துளை தூர்ந்துபோகாமல் விளக்குமாற்றில் ஈர்க்கு முறித்துச் செருகினார்.

"ஆரும் கேட்டா காது புண் எண்டு சொல்லு."

"சித்தப்பா திருப்பித் தருவாரோ?"

"சுரங்கம் காய்ஞ்ச பிறகு" என்றார் அம்மா.

வெளியே வந்து, வெற்றிலைக்குக் கீழே மறைத்துத் தோட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்கட அண்ணன் ஒரு சதமெண்டாலும் கண்டதிலை போடுறாரோ? அவரைப் பார்த்துப் பழகுங்கோ."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா உமியைப் பார்த்தார்.

"என்ரை பிழைதான் அண்ணி" என்றார் சித்தப்பா.

இரண்டு தோடும் ஒரு துளியாகின. பயறளவு. பெண்ணின் தகப்பன் எழும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் சின்னனாக் கிடக்கு."

"நல்ல தங்கம் சுருங்கும்" என்றார் பத்தர்.

பெண்ணின் தகப்பன் நிமிர்ந்தபோது நான் முன்னால் நின்றேன்.

"பிள்ளைக்குக் காதிலை என்ன?"

"காது புண்."

என் காதைப் பார்த்தார். திரும்பவும் அந்தத் துளியைப் பார்த்தார்.

"பத்தர் நல்ல மருந்து போட்டிருக்கிறார்" என்றார். போய்க் கதிரையில் இருந்தார். கலியாணம் நடந்தது.

சித்தப்பாவை அம்மா பத்து வருசம் விடவில்லை. எங்கள் வீட்டில் அவர் சாப்பிட இருந்தால் சோற்றோடு ஆபிரிக்காவும் வரும். அவர் ஒருதரம் அப்பாவைப் பார்ப்பார். அப்பா மீனில் முள் எடுப்பார். இவ்வளவு வாய் உள்ள சித்தப்பா ஏன் அம்மாவுக்குத் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா ஒரு நாளும் அவரை ஏசாததும் விளங்கவில்லை. நல்ல குணம் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் என் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலுமாரியின் மேல்தட்டில் இருந்ததை இறக்கினேன். வள்ளத்து லைசென்சுக்குக் கீழே நாலாய் மடித்த தாள் ஒன்று கிடந்தது. அதே கம்பனி. அப்பாவின் பெயர். எஞ்சின் திருத்திய அதே மாதம்.

அம்மா குசினியில் நின்றார். இருந்த மாதிரியே மடித்து வைத்தேன்.

அறுநூறு பங்கு.