கீறல் இல்லாத சோலார் பிளேட்

பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. செத்தவர் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று எனக்கும் சொல்லிப் பார்த்தார்கள். நான் வைத்திருக்கிறேன். அந்த ஆடிக் கிருத்திகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுக்குப் பொதட்டூர்பேட்டை. வீட்டில் நான்கு தறி, நெய்வது லுங்கி. ஆடிக் கிருத்திகைக்கு நாலைந்து நாள் முன்பாகவே லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு குடும்பமே பெரியப்பாவின் பழைய வேனில் திருத்தணிக்குக் கிளம்பிவிடும். மலைக்குப் பின்பக்கம் ஒரு தரிசில் வேனை நிறுத்துவோம். காவடிக்காரர்கள் அந்த வழியாகத்தான் நடந்து வருவார்கள். வேன்தான் கடை, வேன்தான் வீடு. மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் மூன்று வேளை கல் அடுப்பில் பொங்கிப் போடுகிறவள் என் அம்மா. பெரியம்மா மூத்த மருமகள். மூத்த மருமகள் அடுப்பூதினால் குடும்ப கௌரவம் என்ன ஆவது?

அங்கே கரண்ட் கிடையாது. வேன் பேட்டரியில்தான் இரண்டு டியூப் லைட்டும் ஒரு மைக் செட்டும் ஓடும். மைக்கை வேறு யாரும் தொடக் கூடாது. பெரியப்பா தன் குரலுக்குத் தானே மயங்கி, காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை லுங்கியின் பெருமையைப் பேசுவார். முந்தின வருடம் அப்படிப் பேசியே பேட்டரி படுத்துவிட்டது. மொட்டை போட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்கள் கூடி வேனைத் தள்ளிவிட்டார்கள். அந்த அவமானத்தில்தான் சோலார் பிளேட் வாங்குவது என்று முடிவு செய்தார். வெயிலில் வைத்தால் பேட்டரி தானாக ஏறும் என்று ஒரு நூல் வியாபாரி சொல்லியிருந்தாராம். அந்த எண்பதுகளில் எங்கள் பக்கம் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

என் கண்ணை டாக்டரிடம் காட்ட மெட்ராஸ் போன அன்றே அதையும் வாங்கினோம். பெரியப்பா, நைனா, அம்மா, நான். பழைய மின்சாமான் விற்கும் சந்துக் கடை ஒன்றில் இரண்டு பிளேட் இருந்தன. கப்பலிலிருந்து கழற்றியவை என்றார் கடைக்காரர். ஒன்று பெரியது, கண்ணாடியெல்லாம் கீறல், சட்டம் ஒரு மூலையில் வளைந்திருந்தது. இன்னொன்று சின்னது, முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு கட்டமும் அரை வோல்ட் கொடுக்கும் என்று கடைக்காரர் விளக்கினார்.

லுங்கியில் கட்டம் எண்ணிப் பழகிய கண் அம்மாவுடையது. இரண்டையும் ஒரு பார்வைதான் பார்த்தாள். பெரியப்பாவிடம் சொன்னாள்:

“பாவா, சின்னதுல இருவத்தி நாலு கட்டம். அப்ப பன்னெண்டு வோல்ட்டுதான். பேட்டரியும் பன்னெண்டு. மேல இருக்கிற தொட்டியிலேர்ந்துதான தண்ணி கீழ எறங்கும்? ரெண்டும் சமமா இருந்தா எப்டி ஏறும்? பெருசுல முப்பத்தாறு இருக்குது.”

அந்தம்மா சொல்றது சரிதாங்க என்று கடைக்காரர் சிரித்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது பெரியப்பா யோசித்திருப்பாரோ என்னவோ. பெரியப்பா பெரிய பிளேட்டை இரண்டு கையாலும் தூக்கி, நெசவாளி கொண்டுவந்த லுங்கியைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கீறல்களின் மேல் விரலை ஓட்டினார். பிறகு சின்னதின் மேல் ஓட்டிப் பார்த்தார். வழவழவென்று போனது.

“கோடு வுழுந்த சரக்க நான் கையால தொடறதில்ல” என்றார்.

சின்னதை வாங்கினோம். நைனா சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டு நின்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

திருத்தணியில் பிளேட்டை வேன் கூரைமேல் கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார்கள். முதல் நாள் மைக் கணீரென்று ஒலித்தது. பேட்டரி வீட்டிலிருந்தே நிறைந்து வந்ததுதான் காரணம். பேரென்னவோ பிளேட்டுக்குப் போனது. காவடிக்காரர்களை நிறுத்தி நிறுத்திப் பெரியப்பா அதைக் காட்டினார். அம்மா தினமும் விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, அதன்மேல் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் விளக்கு மங்கியது. மைக்கில் பெரியப்பாவின் குரல் ஜன்னி கண்டவன் குரலாக இழுத்தது. மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருகினால் வேன் ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கடையில் அவள் சொன்னது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் சொன்னது சரி என்று ஒரே ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். பெரியப்பா இடுப்பில் கைவைத்து வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

“சுத்தமில்லாம யாரோ பிளேட்டத் தொட்டுகினு இருந்துகீறாங்க. இல்லன்னா புது சாமான் இன்னாத்துக்குப் படுக்கும்?”

அதைத் தொட்டுத் துடைப்பவள் அம்மா ஒருத்திதான். பெரியம்மா அவளிடம் வந்து, போன வாரந்தானே ஒக்காந்தே என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா கூரைமேல் இருந்த பிளேட்டைப் பார்த்தாள். கழுவாமல் கிடந்த பெரிய சோற்றுத் தவலையைப் பார்த்தாள்.

“ஆங். சூட்டுல மறுபடியும் வந்துடுச்சிக்கா. நான்தான் தொட்டுட்டேன்.”

பொய். விடியற்காலையில் என்னோடு குளித்துப் புடவை மாற்றியவள். எனக்குத் தெரியாதா? அதோடு, கிருத்திகையன்று நானும் அவளும் சேர்ந்து பூக்காவடி எடுத்து மலையேறுவதாக இருந்தது. என் கண்ணுக்காக அவளே வேண்டிக்கொண்டது அது. தூரம் என்றால் அவள் எப்படிப் படியேற முடியும்? “அம்மா பொய் சொல்லுது” என்று நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

வேனிலிருந்து நூறடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் பாய், தட்டு, ஒரு சொம்பு. அம்மா அங்கே போய்விட்டாள். ஊரிலும் அந்த மூன்று நாள் அவளுக்கு விலக்குதான். தறியைத் தொடக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது. ஆனால் பின்கட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் தாராகச் சுற்றுவாள். ராட்டைக்கு மட்டும் தீட்டு கிடையாது என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது மனப்பாடமாக இருந்தது.

பிளேட்டுக்கு மஞ்சள் தண்ணீர் அபிஷேகம் நடந்தது. பேட்டரியைக் கழற்றி டவுனுக்கு அனுப்பி, கரண்டில் போட்டு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். விளக்கு எரிந்தது. பாத்தியா, இன்னா சொன்னேன் என்றார் பெரியப்பா. மறுநாள் மறுபடியும் மங்கியது. அதற்கு வேப்பமரம் போதுமான தூரத்தில் இல்லை என்பது காரணம். பாயை இன்னும் ஐம்பதடி தள்ளிப் போடச் சொன்னார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அடுத்த மரத்தடியில் விரித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெரியம்மா அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டே இருந்தாள். சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது.

கிருத்திகையன்று பெரியம்மாதான் என்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். காவடி தோளில் அழுத்த அழுத்த, ஒவ்வொரு படிக்கும் அம்மா மேல் என் ஆத்திரம் ஏறியது. சரி என்று தெரிந்ததைத் தப்பு என்று ஒத்துக்கொண்டவள். எனக்காக வேண்டிக்கொண்டதையும் கை கழுவியவள். சந்நிதியில் நின்று கண்ணைப் பற்றி நான் எதுவுமே கேட்கவில்லை. அம்மாவின் பொய்யை எல்லோருக்கும் காட்டிக்கொடு என்றுதான் முருகனிடம் கேட்டேன்.

இறங்கி வந்ததும் நேராக அவளிடம் ஓடினேன். உச்சி வெயில். மரத்தடியில் கையைத் தலைக்கு வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே நான் அழுதுகொண்டே படியேறியிருக்கிறேன், இவள் இங்கே தூங்குகிறாள். காலால் அவள் காலை உதைத்தேன். கண்ணைத் திறந்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் என்னையும், வேன் பக்கம் எழுந்த புகையையும் பார்த்தாள்.

“நாளைக்குக் காத்தால வரைக்கும் இருக்குது. போ” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

என்னிடமும் அதே பொய்யைச் சொல்கிறாளே என்றுதான் நினைத்தேன். பகல் வெளிச்சத்தில் அம்மா தூங்கி அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை என்பது அந்தப் பதினோரு வயதில் எனக்கு உறைக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி மறுபடியும் எழுப்பினேன்.