ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகச் சரியான மெஷின்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் வெளியாள் வேலையென்றால் தலைவலி வரும், சொந்தக்காரர் வேலையென்றால் தலையே போகும். எண்பதுகளில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் எனக்கு அந்த வேலை. குடும்பத்தில் 'மெஷின் தெரிஞ்ச பையன்' என்று பேர் வாங்கி, அதற்குத் தண்டனையாக லீவு நாட்களைப் பறிகொடுத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் கதையைக் கேட்டால் உங்கள் கதை பரவாயில்லை என்று தோன்றும்.

முதலாளி போட்ட சட்டம்

அப்போதெல்லாம் பாதி ரிப்பேர், சிஸ்டம் போடுவதுதான். மெஷினை எழுப்பி நடத்துகிற ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கும். வளையக்கூடிய அந்தக் கறுப்பு டிஸ்க்கைச் செருகி, அவற்றை மறுபடி ஏற்ற வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேக்காவில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் சிஸ்டம் போட்டு ஓடவிட்டிருந்தேன். கெட்டிக்காரன் என்று பாராட்டுவார் என நினைத்தேன். "சூட்டுல நின்னுருக்கும், இப்ப ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, காசு கொடுக்காமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

எங்கள் முதலாளி சீனர். கோபம் வந்தால் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். அன்று வந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: "கஸ்டமர் கண்ணு முன்னால செய் லா! அவன் பாக்கலேன்னா மெஷின் தானா சரியாயிடுச்சுன்னுதான் நினைப்பான்."

ஸ்டோர் மூளை

என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். எண்பத்தைந்தில் ஆட்குறைப்பு வந்தபோது அவருக்கும் வேலை போனது. எங்கே போனாலும் "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் போவதையே நிறுத்திவிட்டார். தெம்பனிஸில் அவர்கள் வீடு பதினோராம் மாடி. அத்தான் சமையலறை ஜன்னல் பக்கம் போய் நின்றால், அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். அதைப் பார்த்த அன்றே ஏதாவது செய்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

கடையில் கழித்துவிட்ட ஒரு பழைய மெஷினைச் சரிசெய்து கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்தேன். அத்தான் ஜன்னலை விட்டு மேசைக்கு வந்தார். விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறவர் போல அதன் முன்னால் உட்கார்ந்தார். சொல்லிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வீட்டு மாப்பிள்ளைக்கு மச்சினன் வாத்தியாராவதா? புத்தகம் இருக்கிறது, போதும் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரக் கடைசியிலேயே அக்கா கடைக்குப் போன் பண்ணினாள், மெஷின் எழுந்திருக்கவில்லை என்று. அத்தான் மெஷினுக்குள்ளே சுத்தம் பண்ணியிருந்தார். பட்டறை ஸ்டோரில் யாரும் கேட்காத சாமானைத் தூக்கிப் போடுவது அவர் வழக்கம். அதே மாதிரி, பேர் தெரியாத ஃபைலையெல்லாம் அழித்துவிட்டார். மெஷினை எழுப்பும் ஃபைலும் அதில் போனது. அவரிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். அக்கா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்கதான் கெடுத்தீங்கன்னு அவர்கிட்ட சொல்லிடாதடா. நாளைக்கு அவர் பிள்ளைங்களோட மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவாரு, அப்ப வந்து போட்டுட்டுப் போயிடு."

ஓய்வுநாள்

அதிலிருந்து அதுவே என் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும்வரை, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணுக்குப் பின்னால் திருடன் மாதிரி நிற்பேன். அக்கா தலைவலி என்று வீட்டில் தங்கிவிடுவாள். நான் மேலே போய் சிஸ்டம் போட்டு, அவர் அடித்துப் பழகிய கடிதங்களின் நகலையும் ஏற்றிவிட்டு இறங்கிவிடுவேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு, அப்போதுதான் வருகிறவன் போல ஒரு பப்பாளியை வாங்கிக்கொண்டு மணி அடிப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது இந்த நாடகம் நடக்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அத்தான் உற்சாகமாகப் பேசினார். வேலை போனதிலிருந்து அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி போட்டாள். அவர் சொன்னது இது: "மெஷின் நேத்து வரைக்கும் மூச்சு விடல தம்பி. ஒரு நாள் ஆஃப் பண்ணி வச்சேன், இன்னிக்கு எழுந்திருச்சிடுச்சு. அழிச்சதுல தேவையானதை அதுவே திரும்பக் கொண்டுவந்துருது லா. ஆண்டவர் ஓய்வுநாளை மனுஷனுக்கு மட்டுமா குடுத்தாரு?"

துவாஸில் வேலை

கடைசியில் வேலை கிடைத்தது. துவாஸ் தொழிற்பேட்டையில், கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. ஸ்டோர் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில். வீட்டிலேயே மெஷின் வைத்துப் பழகியவர் என்றதும் எடுத்துக்கொண்டார்கள். அக்கா நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்தாள், இறால் சம்பால் செய்தாள். ஜன்னல் பக்கம் ஒரு முறைகூட அவள் திரும்பிப் பார்க்காமல் சமைத்ததை அன்றுதான் கண்டேன்.

சாப்பிட்டுவிட்டு அவரோடு லிஃப்டில் இறங்கும்போது, ஆபீஸ் மெஷினில் எதையும் அழிக்க வேண்டாம் அத்தான் என்று மெதுவாகச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை, சிரித்தார். "தம்பி, நான் ஸ்டோர் பாக்க ஆரம்பிச்சப்ப நீ ஸ்கூல் பையைத் தூக்கிட்டிருந்த."

திங்கட்கிழமை

அடுத்து நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். ஆபீஸ் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. ஒரு வியாழக்கிழமை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, நல்ல பேர் வாங்கலாம் என்று தனியாக உட்கார்ந்து சுத்தம் பண்ணியிருக்கிறார். பேர் தெரியாத ஃபைல் அத்தனையும் போயிற்று. ஸ்டோர் கணக்கும் அதோடு போயிற்று. நகல் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் மெஷின் எழுந்திருக்கவில்லை. ரிப்பேர் கடைக்குப் போன் பண்ணப் போன மேனேஜரை அத்தான்தான் நிறுத்தியிருக்கிறார். அவ்வளவு நிதானமாகப் பேசுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று அந்த மனிதரும் நம்பிவிட்டார். "தொடாதீங்க சார், ஞாயித்துக்கிழமை ரெஸ்ட்ல விடுங்க, திங்கக்கிழமை தானா வந்துரும்" என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். அழிந்ததைத் தோண்டி, கணக்கில் பாதியையாவது மீட்டிருக்கலாம். ஆனால் எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் அறிந்தவரையில், எந்த மெஷினுக்கும் ரிப்பேர்க்காரன் தேவைப்பட்டதே இல்லை. அந்த ஞாயிறு அவர் நிம்மதியாகப் பூசைக்குப் போனார். அக்காவும் கூடப் போனாள். கூப்பிடவில்லையே, இந்த வாரம் பிழைத்தோம் என்று நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். நான் போனபோது சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டி அனுப்பினார்களா, சும்மா அனுப்பினார்களா என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "ஆபீஸே சுத்தி நின்னு பாத்துச்சு தம்பி. நான் சிலுவை போட்டுட்டுத்தான் சுவிட்சைத் தட்டினேன்."

நல்ல மெஷின்

அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடலாம், தன் தப்பு தெரிந்தால் அடுத்த வேலையில் செய்ய மாட்டார் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் கொக்கியைப் போட்டுவிட்டு, போட்டது சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். "இப்ப அந்த ஆபீஸ் மெஷின் மேல கோவமா இருக்காரு, இருக்கட்டும்டா. அவர் மேலேயே அவருக்குக் கோவம் வந்துச்சுன்னா, நான் எத்தனை நேரம் பக்கத்துல நின்னு காவல் காப்பேன்?"

அத்தானுக்கு அடுத்த வேலை கிடைத்தது, ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக. கம்ப்யூட்டர் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. லீவு நாட்களில் வீட்டு மெஷினைச் சுத்தம் பண்ணுவார், அக்கா போன் பண்ணுவாள், நான் தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன். ஒரு ஞாயிறு மத்தியானம், நான் வாங்கிப்போன பப்பாளியை அறுத்துக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் காட்டிச் சொன்னார்: "நம்ம வீட்டு மெஷினைப் பாத்தியா? அந்தக் கம்பெனிக்காரன் இந்த மாதிரி ஒண்ணு வாங்கிருந்தான்னா, எனக்கு வேலை போயிருக்காது."

முதலாளி காசுக்காகச் சொன்ன சட்டத்தை உங்களுக்கு நான் இலவசமாகவே சொல்கிறேன்: சொந்தக்காரர் மெஷினுக்கு சிஸ்டம் போடுவதானால், அவர் அடிக்க வந்தாலும் பரவாயில்லை, அவர் கண் முன்னால் போடுங்கள்.