அசையாத நான்கு அறைகள்

இது கதையில்லை. இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பட்டவள் நான். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுப்பது என் வேலை. நெஞ்சில் பசை தடவி, கருவியை வைத்தால் இதயம் திரையில் தெரியும். நான்கு அறைகள். வலது பக்கம் கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கம் நல்ல ரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளும். நடுவில் வால்வுகள், ஒருவழிக் கதவு மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. பதினாறு வருடமாக அதைப் பார்த்துத்தான் சோறு தின்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இதயம் பலவீனமாகி ஆறு நாளாக மூன்றாம் மாடி வார்டில் படுத்திருந்தார். எப்பாடுபட்டாவது அவர் பிழைத்துவிட வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

அன்று மாலை மணி 4:12. எக்கோ அறையின் கதவு திறந்தது. அவர்தான். தனியாக நடந்து வந்தார். சக்கர நாற்காலி இல்லை, கேஸ் ஷீட் இல்லை, காலில் செருப்பும் இல்லை. வார்டுக்காரர்கள் வேலை பார்க்கிற லட்சணம் இதுதான் என்று எரிச்சல் வந்தது.

"என்னங்க, தனியாவா அனுப்பினாங்க?"

"இஞ்சின் ஓடுதான்னு பாரேன்."

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். தோல் சில்லென்றிருந்தது. கருவியை வைத்தேன். படம் பளிச்சென்று விழுந்தது... ஆனால் அசையவில்லை.

படத்தை நிறுத்தும் பட்டனில் கை பட்டிருக்கும். எங்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். திரையின் மூலையில் நொடிகள் ஓடின. வால்வுகள் பாதி திறந்தபடி நின்றன.

"என்ன, ஓடுதா?" என்றார்.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். யாரும் வரவில்லை.

அவரை மல்லாக்கப் புரட்டினேன். இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினேன்.

கருவி தரையில் விழுந்து கிடந்தது. படம் மட்டும் திரையில் இருந்தது...

நான் அழுத்தினால் அறைகள் சுருங்கின. விட்டால் விரிந்தன.

தப்... தப்... தப்...

"விட மாட்டேங்க... விடவே மாட்டேன்..."

கை மரத்துப்போனது.

"போதும்மா. கை வலிக்கும்," என்றார்.

ஒரு கணம்... கையை எடுத்தேன்.

கட்டில் காலி. மணி 4:23.

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். வார்டு நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள்.

"நாலு பன்னெண்டுக்கு நின்னுடுச்சுக்கா. மாத்தி மாத்தி அழுத்தினோம். நாலு இருபத்திமூணுக்குத்தான் டாக்டர் போதும்னாரு."

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். மெஷினில் பழைய படங்களை அழிக்கும்போது பெயரில்லாத பதிவு ஒன்று கிடைத்தது. அதே நாள். ஆரம்பம் 4:12. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அறைகள் சுருங்குகின்றன. 4:23க்கு எல்லாம் நின்றுவிடுகிறது.

பதிவு இன்னும் பத்து நொடி ஓடுகிறது.

அதில், யார் கையும் படாமல், அந்த இதயம் தானாகவே மூன்று முறை துடிக்கிறது.